மைக் பிடித்தவருக்குப் பாடு கிடைக்குமா?

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மண் மூடிக்கொண்டால் டி.வி. வேன்கள் வரும். பொன்னேரியில் டீ குடித்துவிட்டு, திருப்பாலைவனத்தைத் தாண்டி, கரை வரைக்கும் வந்து நிற்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தாலும் வரும். 2021 ஜனவரியில் அறிவித்தார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள். இரண்டு முறையும் கரையில் மைக்குக்குப் பஞ்சமில்லை. ஏரியில் இறால் வரத்து குறைந்ததையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் கொசஸ்தலையின் கழிமுகத்தையும் இந்த ஊர்க்காரர்கள் கேமரா முன்னால் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. கூட்டத்தில் வாய் திறக்காத மீனவப் பெண்கூட இப்போது மைக்கைப் பார்த்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராகிவிடுகிறார்.

கேள்வி கேட்ட அந்த ஆள், ஒரு நாள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஓட்டுக் கேட்டால் என்ன ஆகும்?

வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. உலகம் முழுக்க நடப்பதுதான். செய்தி வாசித்தவர்கள் மந்திரியாகியிருக்கிறார்கள், டெபாசிட் இழந்தும் இருக்கிறார்கள். இதில் ஒரு தனி ரகம் உண்டு: பிறந்த மண்ணை விட்டு வேறு தேசம் போய், அந்த ஊர் மொழியில் அந்த ஊர்க்காரருக்கே செய்தி சொல்லிப் பெயர் வாங்கி, பிறகு அங்கேயே மாகாண அரசியலில் இறங்கியவர்கள். தலைமுறை தலைமுறையாக வந்தேறிகளைப் பார்த்து, வந்தேறிகளாகவும் இருந்த இந்த ஏரிக்கரைக்கு அவர்களுடைய கதையில் அக்கறை இருக்க வேண்டிய காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டொரான்டோ.

திரையில் தெரிந்த முகம்

பென் சின், தென்கொரியத் தூதரக அதிகாரி ஒருவரின் மகன். ஜெனீவாவில் பிறந்தவர். குடும்பம் கனடாவில் தங்கியது. பையன் வளர்ந்து தொலைக்காட்சிச் செய்தியாளரானார். சி.பி.சி. என்கிற அரசு ஒளிபரப்பு நிறுவனத்திலும் டொரான்டோவின் தனியார் சேனல்களிலும் செய்தி வழங்கினார். மாலையில் டி.வி. போட்டால் தெரிகிற முகம். வெள்ளையர் அல்லாத ஒருவர் முக்கியச் செய்தி நேரத்தில் உட்கார்ந்திருப்பது அன்றைக்கு அங்கே அரிது.

2006 மார்ச்சில் டொரான்டோ-டான்ஃபோர்த் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஒன்டாரியோ மாகாண சட்டமன்றத்துக்கான இடம். அந்தத் தொகுதியின் புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மாரிலின் சர்லி, மத்திய நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுவதற்காக விலகியிருந்தார். மாகாணத்தை ஆண்டுகொண்டிருந்தது டால்டன் மெகின்டியின் லிபரல் கட்சி. ஆளுங்கட்சிக்கு இடைத்தேர்தல் என்றால் மானப்பிரச்சினை. அது நம் ஊர்த் திருமங்கலத்துக்கு மட்டும் சொந்தமான வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரறிந்த ஒரு முகம் தேவைப்பட்டது. பென் சின்னை நிறுத்தினார்கள்.

கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. தொகுதிக்குள் கிரேக்கர்களின் கடைத்தெரு இருக்கிறது, சீனர்களின் கடைத்தெரு ஒன்றும் இருக்கிறது. குடியேறிகள் நிறைந்த இடத்தில் குடியேறி வேட்பாளர், அதுவும் டி.வி. முகம். கொரியக்காரருக்கும் சீனக்காரருக்கும் வித்தியாசம் உண்டே என்று கட்சி அலுவலகத்தில் யாராவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. மலையாளியை நிறுத்தினால் தெலுங்கர் ஓட்டும் சேர்ந்து விழும் என்று நம் ஊரில் யாரும் கணக்குப் போடுவதில்லை. போட்டால் சிரிப்பார்கள்.

எதிரே நின்றவர் பீட்டர் டாபன்ஸ். டொரான்டோ மாநகராட்சியில் கவுன்சிலராக இருந்தவர், கிரீன்பீஸ் அமைப்பின் கனடாப் பிரிவுக்கு நிர்வாக இயக்குநராக இருந்தவர். குப்பை வண்டி எந்தத் தெருவில் எப்போது வரும், எந்த மரத்தை வெட்டக் கூடாது என்று ஜனங்கள் சண்டை போட்டது எல்லாம் அவருக்குத் தெரியும். டாபன்ஸ் ஜெயித்தார். அப்போது பிடித்த தொகுதியை அதற்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் அவர் விடவில்லை.

தோற்ற பென் சின் கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்கியது. மெகின்டியின் அலுவலகத்தில் ஆலோசகரானார். அப்புறம் மாகாணத்தின் மின்சார ஆணையத்தில் தகவல் தொடர்புப் பொறுப்பு. 2012 கடைசியில் நாட்டின் மறுகோடியிலிருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய் அந்த மாகாணப் பிரதமர் கிறிஸ்டி கிளார்க்கின் தகவல் தொடர்பைக் கவனித்தார். 2013 தேர்தலில் கருத்துக்கணிப்புகள் எல்லாம் கிளார்க் தோற்பார் என்றன. கிளார்க் கட்சி ஜெயித்தது. பிறகு ஒட்டாவா. மத்திய நிதியமைச்சர் பில் மோர்னோவின் தலைமை அலுவலர், அடுத்து பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் மூத்த ஆலோசகர். 2019இல் எஸ்.என்.சி.-லாவலின் விவகாரம் வெடித்தபோது, முன்னாள் சட்ட அமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்ட் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்ன சாட்சியத்தில் அடிபட்ட பெயர்களில் பென் சின்னின் பெயரும் ஒன்று.

ஒரே ஒரு முறை ஓட்டுக் கேட்டார், கிடைக்கவில்லை. ஓட்டே கேட்காமல் மூன்று அதிகார பீடங்களின் உள்ளறை வரைக்கும் போனார். செய்தி எப்படி உருவாகிறது, எந்த வாக்கியம் ராத்திரிச் செய்தியில் நிற்கும், எந்த இடத்தில் அமைச்சர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஆள் எந்த முதல்வருக்கும் தேவை. அந்த வித்தைக்கு உள்ளறையில் விலை உண்டு. வாசற்படியில் நிற்கிறவர் கேட்பது வேறு.

நியமனம் ஒன்று, தேர்தல் வேறொன்று

ஹாங்காங்கை ஜப்பான் பிடித்ததும் 1942இல் குழந்தையாக அகதியாய்க் கனடா வந்த ஏட்ரியன் கிளார்க்சன், சி.பி.சி.யில் பல வருடம் நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கினார். ஒன்டாரியோ மாகாணம் அவரை 1982இல் பாரிஸுக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பியது. 1999இல் கனடாவின் கவர்னர் ஜெனரலானார். அவரை அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த மிஷேல் ஷானும் அகதிதான். ஹெய்ட்டியிலிருந்து 1968இல் வந்த குடும்பம், பிரெஞ்சு ஒளிபரப்பில் செய்தியாளர் வேலை. அடுத்தடுத்து இரண்டு பேர், இருவரும் பெண்கள், இருவரும் குடியேறிகள், இருவரும் டி.வி.க்காரர்கள். தற்செயலாக இருக்க முடியாது. கவர்னர் ஜெனரல் பதவிக்கு வேண்டியது எல்லோருக்கும் பரிச்சயமான, யாருக்கும் விரோதமில்லாத ஒரு முகமும் குரலும். தொலைக்காட்சி அதைத்தான் தயாரித்துத் தருகிறது. அது நியமனப் பதவி என்பதால் சரிப்பட்டது.

ஓட்டு வாங்குவதற்கு அந்தப் பொதுமுகம் சில சமயம் இடைஞ்சல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குளோபல் சேனலில் இருபது வருடத்துக்கும் மேல் செய்தியாளராக இருந்த ஜாஸ் ஜோஹல் என்கிற பஞ்சாபி வம்சாவளிக்காரர், 2017இல் ரிச்மண்ட்-குவீன்ஸ்பரோ தொகுதியில் ஜெயித்து மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். 2020இல் தோற்றார். பிறகு வானொலி நிகழ்ச்சி நடத்தத் திரும்பிவிட்டார். மைக்கை விட்டுப் போனவருக்கு மைக் காத்திருந்தது. மீனவர் கடலுக்குத் திரும்புவதுபோல என்று எழுத ஆசைதான். ஆனால் இந்தக் கரையில் கடலுக்குத் திரும்புவது அத்தனை சுலபமாக இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கனடாவில் ஒரு விதியும் உண்டு. ஒளிபரப்பில் வேலை பார்க்கும் ஒருவர் வேட்பாளரானால் மைக்கை விட்டு இறங்கியாக வேண்டும். ஒரு வேட்பாளருக்கு மட்டும் தினமும் இலவசமாகக் காற்றலையில் நேரம் கிடைப்பது மற்றவர்களுக்கு அநியாயம் என்பது அங்குள்ள ஒளிபரப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பு வரும். 1993இல் சன் டி.வி., 1999இல் ஜெயா டி.வி., 2006இல் மக்கள் தொலைக்காட்சி, 2007இல் கலைஞர் டி.வி., 2010இல் கேப்டன் டி.வி. என்று கட்சிக்கு ஒரு சேனல் வைத்துக்கொண்ட மாநிலம் இது. இங்கே செய்தியாளர் அரசியலுக்கு ‘வருவது’ என்றால், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற தூரம்தான். தூர்தர்ஷன் காலத்திலும் தனியார் சேனல்களின் ஆரம்பக் காலத்திலும் வீட்டுப் பெண்கள் சேலைக்காகவும் உச்சரிப்புக்காகவும் நினைவில் வைத்திருந்த செய்தி வாசிப்பாளர்கள் சிலர் பின்னாளில் கட்சிகளில் சேர்ந்தார்கள். மேடையில் பேசவைத்தார்கள். தொகுதி தருவதில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கிணற்றுக்குள் இறங்கிய ஆசிரியர்

அவசரம் காட்டியது கேரளம். மலையாள டி.வி. செய்தியில் எம்.வி. நிகேஷ்குமாரைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஏஷியாநெட்டில் தொடங்கி, 2003இல் இந்தியாவிஷன் பிறந்தபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து, 2011இல் ரிப்போர்ட்டர் என்று தனிச் சேனலே தொடங்கியவர். ராத்திரி ஒன்பது மணி விவாதத்தில் மந்திரிகளை வியர்க்கவைத்தவர். 2016இல் கண்ணூர் மாவட்டம் அழீக்கோட்டில் இடது முன்னணி அவரை நிறுத்தியது.

அவர் தேர்தலிலும் டி.வி.யே நடத்தினார். ‘குட் மார்னிங் அழீக்கோடு’ என்று இணையத்தில் தினமும் ஒரு வீடியோ. அதில் ஒன்று இன்றைக்கும் மலையாளிகளுக்கு மறக்கவில்லை. தொகுதியின் குடிநீர்க் கஷ்டத்தைக் காட்டுவதற்காக வேட்பாளர் நேராக ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். உள்ளே நின்றபடி தண்ணீரின் லட்சணத்தைக் காட்டிப் பேசினார். ஒரு செய்தியாளர் செய்திருந்தால் அது நல்ல செய்தி. களத்துக்குப் போய், பிரச்சினையைத் தொட்டுக் காட்டி, ஆதாரத்தோடு பேசியிருக்கிறார் என்று எடிட்டர் தட்டிக்கொடுப்பார். வேட்பாளர் செய்ததால் மீம் ஆனது. கிணற்றில் தண்ணீர் கெட்டிருப்பதைக் கிணற்றுக்காரருக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லையே. அவர் தினமும் இறைக்கிறார். எப்போது நல்ல தண்ணீர் வரும், யாரைப் பிடித்து வரவழைப்பாய் என்பதுதான் அவர் கேள்வி. செய்தியாளரின் வேலை தெரியாதவருக்குத் தெரியவைப்பது. வாக்காளர் தெரிந்தவர்.

நிகேஷ் 2,287 ஓட்டில் முஸ்லிம் லீக்கின் கே.எம். ஷாஜியிடம் தோற்றார். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டதாக வழக்குப் போட்டு, 2018 நவம்பரில் ஷாஜியின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் அளவுக்குப் போராடினார். தன்னை வெற்றி பெற்றவராக அறிவிக்கக் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, ஷாஜியின் பதவியும் ஓடிக்கொண்டிருந்தது. 2021இல் அதே அழீக்கோட்டை மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. நிறுத்தப்பட்டவர் கே.வி. சுமேஷ், கண்ணூர் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். டி.வி. முகம் இல்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். நிகேஷுக்கு அழீக்கோட்டில் இருந்த சுமை மைக் மட்டுமில்லை. அவருடைய அப்பா எம்.வி. ராகவன், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1987இல் எதிரணி ஆதரவில் அதே அழீக்கோட்டில் வென்றவர். அவர் மந்திரியாக இருந்தபோதுதான் 1994இல் கூத்துப்பறம்பில் துப்பாக்கிச்சூடு நடந்து அந்தக் கட்சியின் இளைஞர்கள் செத்தார்கள். அந்த மகனுக்குச் சுத்தியல் அரிவாளில் ஓட்டுக் கேட்க ஒரு பழைய கட்சித் தோழருக்கு நாக்கு எப்படிப் புரளும்? ஆனாலும் நிகேஷ் விடவில்லை. 2024இல் சேனலையே விட்டுவிட்டு முழுநேரக் கட்சிக்காரரானார்.

வீணா ஜார்ஜ் ஜெயித்தார். இயற்பியல் படித்து, கல்லூரியில் பாடம் எடுத்து, கைரளியிலும் மனோரமாவிலும் இன்னும் சில சேனல்களிலும் செய்தி வாசித்தவர். 2016இல் ஆறன்முளையில் 7,646 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2019 மக்களவைத் தேர்தலில் பத்தனம்திட்டையில் நிறுத்தினார்கள், தோற்றார். 2021இல் ஆறன்முளைக்கே திரும்பி 19,003 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, கொரோனா இரண்டாம் அலையின் நடுவே சுகாதார அமைச்சரானார். முதல் தடவை ஜெயித்ததை முகராசி என்று சொல்லிவிடலாம். இரண்டாவது தடவை வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதற்கு, இடையில் அவர் அந்தத் தொகுதியில் ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்பதைத் தவிர வேறு பெரிய ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குஜராத்தில் இசுதான் கத்வி டி.வி. விவாதத்திலிருந்து நேராக ஆம் ஆத்மியின் முதல்வர் வேட்பாளராக 2022இல் ஏற்றப்பட்டார். தன் சொந்தத் தொகுதியான கம்பாலியாவிலேயே தோற்றார். டெல்லியில் ஷாஸியா இல்மி 2013இல் ஆர்.கே. புரத்தில் 326 ஓட்டில் தவறவிட்டார். 326 என்பது இரண்டு தெரு.

நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள்

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு ஓரம், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஷாட்ஸ் கடலுக்கு அப்பால், பனிமூட்டத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த கஸ் டால்டன் என்கிற படகுத் தலைவரின் கண்ணில் இரண்டு உயிர்காக்கும் படகுகள் பட்டன. அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்தவர்கள் நடுக்கடலில் இந்தப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். டால்டனும் சுற்றிலும் இருந்த மீனவர்களும் அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். கடலில் தத்தளிக்கிறவனிடம் நீ எந்த ஊர், என்ன சாதி, உன் பேப்பர் எங்கே என்று எந்த மீனவரும் கேட்பதில்லை. பழவேற்காட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படகுகளுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்களும் சேர்ந்து டொரான்டோவைத் தமிழர்களின் பெருநகரங்களில் ஒன்றாக்கினார்கள். வந்த சில வருடங்களிலேயே அவர்கள் வானொலி தொடங்கிவிட்டார்கள். பெரிய நிலையங்களின் துணை அலைவரிசையை வாடகைக்கு எடுத்து 24 மணி நேரமும் தமிழ். அதைக் கேட்க அதற்கென்றே ஒரு தனிப் பெட்டி வாங்க வேண்டும், சாதாரண ரேடியோவில் வராது. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவரின் அடுக்களையில் அந்தப் பெட்டி மரண அறிவித்தல் சொன்னது, ஊரில் குண்டு விழுந்த செய்தி சொன்னது, பாட்டுப் போட்டது. 2004இல் சி.எம்.ஆர். 101.3 வந்த பிறகு சாதாரண எஃப்.எம்.மிலேயே தமிழ் கேட்டது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் இந்த நிலையங்களுக்கு வந்து ‘வணக்கம்’ சொல்லிப் பழகினார்கள்.

ஆனால் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்கு முதன்முதலில் போன தமிழர்கள் இந்த வானொலிகளிலிருந்து வரவில்லை. லோகன் கணபதி வியாபாரி. 2006இல் மார்க்கம் நகரசபைக்கு உறுப்பினரானார், பன்னிரண்டு வருடம் வார்டு வேலை பார்த்துவிட்டு 2018இல் மார்க்கம்-தோர்ன்ஹில் தொகுதியில் மாகாணசபைக்குப் போனார். அதே தேர்தலில் ஸ்கார்பரோ-ரூஜ் பார்க்கில் ஜெயித்த விஜய் தணிகாசலம் நிதித்துறையிலிருந்து வந்தவர். 124 பேர் சபையில் தமிழர் இருவர். 2021 மே மாதம் நிறைவேறிய தமிழின அழிப்பு கல்வி வாரச் சட்டம் விஜய் கொண்டுவந்த தனிநபர் மசோதா. எதிர்த்தவர்கள் நீதிமன்றங்களுக்குப் போயும் சட்டம் நின்றது. இடதுசாரிப் பக்கம் நீதன் சண் மாகாணத்துக்குப் பல தடவை நின்று தோற்றாலும், பள்ளி வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் வென்று காட்டினார்.

ஏன் வார்டு உறுப்பினருக்குக் கிடைத்தது வானொலிக்காரருக்குக் கிடைக்கவில்லை? எனக்குப் பட்டது இது. வானொலி பரவுகிறது. தொகுதிக்கு எல்லைக்கோடு உண்டு. மார்க்கமிலிருந்து மிசிசாகா வரைக்கும் ஒரு அறிவிப்பாளர் குரலைத் தெரியாத தமிழ் வீடு இல்லாமல் இருக்கலாம். அந்த வீடுகள் இருபது தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தொகுதியை எடுத்தால் தமிழரைவிடச் சீனர், பிலிப்பினோக்காரர், கரீபியர், வெள்ளையர் எல்லோரும் சேர்ந்து அதிகம். அவர்களுக்கு இவர் குரல் தெரியாது. வார்டு உறுப்பினரோ பனி அள்ளும் வண்டி வரவில்லை என்று சீனப் பாட்டி போன் போட்டாலும் எடுத்தவர். பென் சின்னை டாபன்ஸ் தோற்கடித்ததும் இதே கோட்டுக்குள் நின்றுதான்.

பாடு

இப்போது ஏரிக்கரைக்கு வருகிறேன்.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடி. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இந்தக் கூட்டம், நாளைக்கு அந்தக் கூட்டம், இடமும் சுற்றிவரும். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் தலைமுறைகளாகக் காத்துவந்த ஒழுங்கு இது. ஆராய்ச்சிக்காரர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். போலீசும் கோர்ட்டும் இல்லாமல் பொதுச்சொத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதற்கு நல்ல உதாரணம்தான்.

ஆனால் பாடு எல்லோருக்கும் இல்லை. தலைக்கட்டாக இருந்தால்தான் முறை வரும். ராக்கெட் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கையகப்படுத்தப்பட்டபோது அங்கிருந்த மீனவரும் யானாதிகளும் வேறு கரை தேட வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் பெயர்ந்தது. இருளர் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இவர்களும் இதே தண்ணீரில்தான் நிற்கிறார்கள். தண்ணீரில் நிற்பதும் பாடு உள்ளவராக இருப்பதும் ஒன்றில்லை என்பதை இந்தக் கரையில் யாரும் பாடம் எடுத்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சட்டமன்றமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பொன்னேரி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் தனி. இடஒதுக்கீட்டின் மேல் பழிபோட இதை எழுதவில்லை. ஒதுக்கியிராவிட்டால் ஏரியைச் சுற்றியுள்ள தலித் மக்களில் ஒருவர் கோட்டைக்குப் போயிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனாலும் பட்டினவ மீனவர் தன் சொந்தத் தொகுதியில் மனுத்தாக்கல் செய்ய முடியாது, பழங்குடியான இருளரும் முடியாது. எனவே கடலைப் பற்றிக் கோட்டையில் பேச இவர்களுக்கு எப்போதும் இன்னொருவர் குரல் வேண்டியிருக்கிறது. மைக் பிடித்தவர்களை இந்த ஊர் இன்னமும் உட்காரவைத்து மோர் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்று 90.4இல் மீனவர்களே வானொலி நடத்துகிறார்கள். காற்று எப்படி, கடல் எப்படி, எந்த மீனை எப்போது பிடிக்கக் கூடாது என்று அவர்கள் பேச்சிலேயே சொல்கிறார்கள். பழவேற்காட்டுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. வேட்பாளர் கிடைப்பாரோ இல்லையோ, முகத்துவாரம் மூடும்போது பொன்னேரியிலிருந்து வேன் வரக் காத்திருக்க வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி

திருப்பாலைவனத்திலிருந்து அதிக தூரமில்லை கும்மிடிப்பூண்டி. அங்கே 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது, மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. டால்டன் காப்பாற்றிய 155 பேரும் இந்த முகாமுக்கு வந்தவர்களும் ஒரே போரிலிருந்து ஓடிவந்தவர்கள், பல சமயம் ஒரே ஊர்க்காரர்கள். ஒருவருக்குப் படகு மன்னார்க் கடலைத் தாண்டியது, இன்னொருவருக்கு அட்லாண்டிக்கை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே வாழ்ந்திருந்தால் குடிமகனாவதற்கு விண்ணப்பிக்கலாம். குடிமகனானால் ஓட்டு, ஓட்டு இருந்தால் நிற்கலாம். 1986இல் படகில் மிதந்தவர்களின் சமூகம் இருபது வருடத்தில் நகரசபைக்கும் முப்பத்திரண்டு வருடத்தில் மாகாண சட்டமன்றத்துக்கும் ஆள் அனுப்பிய கணக்கு இதுதான். பென் சின் தோற்றார் என்று இத்தனை நேரம் பேசினோம். அவர் நின்றார் என்பதே கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுப் பெயரைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் மாநில அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, புது வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியது. வீடு நல்லதுதான். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. தண்டனை இல்லை என்றார்களே தவிர, நீ எங்கள் ஆள் என்று சொல்லவில்லை.

இந்தக் காட்டுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது சட்டம். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பாஸ்போர்ட் வாங்கினார். வாக்காளர் அட்டை வாங்கினார். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார், முப்பத்தெட்டு வயதில், முதல் ஓட்டு. அன்றைக்கு அவர் முன்னால் எத்தனை மைக்குகள் நீண்டன என்பதை டி.வி. பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டி முகாம் தொடங்கியதே 1990இல். அங்கே பிறந்த ஒருவர்கூட அந்தத் தேதிக்குள் வரமாட்டார். முதல் வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல். நன்றாகத் தமிழ் பேசுவார், டிகிரி படித்திருக்கலாம், யூடியூபில் சேனல்கூட வைத்திருக்கலாம். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் நிற்கக் குறைந்தபட்ச வயது 25.